உலக வரலாற்றுச் சொற்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உலக வரலாற்றுப் பாடங்களில் அடிக்கடி வரும் சொற்களில் ஐயம் உள்ளவற்றை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே வருத்தம் தெரிகிறது: வரையறை மனப்பாடமாக இருக்கிறது, ஆனால் அது எதைக் குறிக்கிறது என்பது கண்முன் வரவில்லை. ஆகவே இயன்றவரை ஒவ்வொரு சொல்லையும் அதன் நடைமுறையிலிருந்தே விளக்கியிருக்கிறேன். யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் கணக்கு எழுதினார், யார் பெயரால் இவையெல்லாம் நடந்தன என்று கேட்டுக்கொண்டே போனால் பெரும்பாலான சொற்கள் தாமே பிடிபடும்.

கேள்வி: நாகரிகம் என்றால் எழுத்து, நகரம், அரசன், கோயில் எல்லாம் இருக்க வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. சிந்துவெளியில் அரசன் யாரென்றே தெரியவில்லை. இன்காக்களுக்கு எழுத்தே இல்லை. பிறகு அவற்றை எப்படி நாகரிகம் என்கிறோம்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நல்ல கேள்வி, பாடநூல் எழுதுவோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இத்தகைய பட்டியல்களுக்கெல்லாம் முன்மாதிரியாக இருப்பது தொல்லியலாளர் வி. கோர்டன் சைல்டு 1950இல் நகரப் புரட்சியைப் பற்றி எழுதிய கட்டுரை. மக்கள் நெருங்கி வாழும் பெரிய குடியிருப்பு, உழவை விட்டுப் பிற தொழில்களையே முழுநேரமும் செய்வோர், உபரி விளைச்சலை ஓரிடத்தில் திரட்டும் ஏற்பாடு, பெரும் பொதுக் கட்டடங்கள், எழுத்து, தொலைதூர வணிகம் என்று பத்து அடையாளங்களை அவர் அதில் வரிசைப்படுத்தினார். அந்தப் பட்டியல் மெசபடோமியாவுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது; மற்ற இடங்களில் ஒன்றிரண்டு அடையாளங்கள் குறைகின்றன. குறைவது அந்த மக்களிடமா, பட்டியலிலா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்கும் கேள்வி.

எழுத்தையே எடுத்துக்கொள்வோம். மெசபடோமியாவின் உருக் நகரில் கி.மு. 3300க்கும் 3000க்கும் இடைப்பட்ட காலத்துக் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றில் கவிதையும் இல்லை, மன்னர் புகழும் இல்லை. எத்தனை ஆடுகள் வந்தன, எவ்வளவு வாற்கோதுமை வெளியே போயிற்று என்ற கணக்குகளே பெரும்பகுதி; மீதமுள்ளவை எழுத்தர்கள் பழகுவதற்கான சொற்பட்டியல்கள். வேலை செய்வோருக்குப் படி அளப்பதைக் குறிக்க ஒரு மனிதத் தலையையும் அதன் அருகே ஒரு கிண்ணத்தையும் வரைந்தார்கள். விளிம்பு சரிந்த அதே வகையான முரட்டு மண் கிண்ணங்கள் அகழாய்வுகளில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. பலகையில் உள்ள குறியும் குழியில் கிடைத்த கிண்ணமும் ஒன்றையொன்று விளக்குவதைப் பார்க்கும்போது, எழுத்து எந்தத் தேவைக்குப் பிறந்தது என்பதில் ஐயம் இருக்காது.

அந்தத் தேவையை வேறு வழியில் நிறைவேற்றிக்கொண்டவர்கள் இன்காக்கள். ஒரு முதன்மைக் கயிற்றிலிருந்து பல கிளைக் கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் ஒன்று, பத்து, நூறு என இட மதிப்போடு முடிச்சுகள் போட்டுக் கணக்கு வைத்தார்கள். கீப்பு எனப்படும் அந்தக் கயிற்றுத் தொகுதியை வைத்துக்கொண்டே ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகிலும் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீண்டு கிடந்த நாட்டில் ஆள்கணக்கும் களஞ்சியக் கணக்கும் எழுதாமல் நடந்தன. சிந்துவெளியிலோ அரண்மனை என்றும் அரச கல்லறை என்றும் உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடம் கிடைக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களிலும் கனச்சதுரக் கல் எடைகள் ஒரே அளவுமுறையில் உள்ளன. செங்கற்கள் 1:2:4 என்ற ஒரே விகிதத்தில் உள்ளன. இந்த ஒழுங்கை யாரோ ஏற்படுத்தினார்கள், யாரோ காத்தார்கள். அவர்கள் முடி சூடியிருந்தார்களா என்பது அதற்கடுத்த கேள்வி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் கோபெக்லி தெபே என்னும் இடத்தில் கி.மு. 9500ஐ ஒட்டிய காலத்திலேயே ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கல் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே பயிர்த்தொழில் நடந்ததற்குச் சான்றில்லை. பெருங்கட்டடம் இருந்தால் அதற்குப் பின்னால் உழவும் உபரியும் நகரமும் இருக்கும் என்ற பழைய வரிசையை இது உடைக்கிறது. ஆகவே தேர்வுக்குப் பட்டியலைப் படியுங்கள். ஆனால் அறிமுகமில்லாதவர்கள் பெருந்தொகையாக ஓரிடத்தில் சேர்ந்து வாழ எந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள் என்று கேட்டு, கிடைக்கும் விடைக்கு நாகரிகம் என்று பெயரிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: நகர அரசு என்பது சிறிய நாடுதானே? அதற்குத் தனிப்பெயர் எதற்கு? (எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர்)

பதில்: பரப்பில் சிறியது என்பது உண்மை. ஆனால் ஒரு நகரமும் அதற்குச் சோறு போடும் வயல்களும் சேர்ந்து, மேலே வேறு ஆண்டை இல்லாமல் தம்மைத் தாமே ஆண்டுகொள்வதுதான் நகர அரசு. சுமேரியாவில் லகாஷ், உம்மா என்ற இரண்டு அண்டை நகரங்கள் எல்லையோர வயல்களுக்காகவும் வாய்க்கால் நீருக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. லகாஷ் மன்னன் எயன்னாதும் வென்றதைக் காட்டும் கழுகுக் கல் பாரிசில் உள்ள லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏதென்சும் நகர அரசுதான், ஆனால் அங்கே குடிமக்கள் அவை ஆண்டது. அந்தக் குடிமக்களில் பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் இல்லை; கி.மு. 451க்குப் பின் தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை.

கேள்வி: பெரிய அரசு என்பதற்கும் பேரரசு என்பதற்கும் என்ன வேறுபாடு? எத்தனை சதுர கிலோமீட்டர் இருந்தால் பேரரசு? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

பதில்: பரப்பளவில் எல்லைக்கோடு எதுவும் கிடையாது. வெவ்வேறு மொழியும் தெய்வமும் வழக்கமும் உடைய மக்களை ஒரு மையம் கீழ்ப்படுத்தி, அவர்களை ஒன்றாகக் கலந்துவிடாமல், அந்த வேறுபாடுகளோடே ஆள்வதுதான் பேரரசின் அடையாளம். கீழிருப்பவர்கள் மையத்துக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்: திறை, படைவீரர், உழைப்பு. மையம் பதிலுக்கு என்ன கொடுக்கிறது என்பதில்தான் ஒரு பேரரசு இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

அசீரியர்கள் அச்சத்தை முதன்மைக் கருவியாக வைத்தார்கள். தோற்ற ஊர் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துத் தொலைவில் குடியமர்த்தினார்கள், கி.மு. 701இல் லாக்கீஷ் நகரைப் பிடித்த காட்சியைச் செனகெரிப் மன்னன் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். பாரசீகர்கள் வேறு வழியில் சென்றார்கள். கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய சைரஸ் அந்நகரத் தெய்வமான மர்துக்கின் பெயராலேயே தன் ஆட்சியை அறிவித்தான். டேரியஸ் நாட்டை மாகாணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சத்ரப் என்னும் ஆளுநரை அமர்த்தி, கொடுக்க வேண்டியதை வரையறுத்தான்.

இந்த அமைப்பு எப்படி நடந்தது என்பதை அருகில் நின்று பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பெர்செபோலிஸ் கோட்டைச் சுவரில் 1933இல் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகள் கி.மு. 509 முதல் 493 வரையிலான அன்றாடக் கணக்குகள். ஆள்பவர் பாரசீகர், ஆனால் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை ஈலமிய மொழியில் உள்ளன. கணக்கு எழுதத் தெரிந்தவர்களின் மொழி அதுவாக இருந்தது. முத்திரையிட்ட ஆணையோடு நெடுஞ்சாலையில் வரும் பயணிக்கு ஒவ்வொரு தங்குமிடத்திலும் மாவும் மதுவும் அளந்து கொடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண் தொழிலாளர்களுக்குக் கூடுதல் படி உண்டு; ஆண் குழந்தை பெற்றவளுக்குப் பெண் குழந்தை பெற்றவளைவிட இருமடங்கு. சூசாவில் தான் கட்டிய அரண்மனையைப் பற்றி டேரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டைப் படித்தால் இன்னும் தெளிவாகும்: தேவதாரு லெபனானிலிருந்து, பொன் சார்டிசிலிருந்தும் பாக்திரியாவிலிருந்தும், கல்தச்சர் அயோனியர், பொற்கொல்லர் மீடியரும் எகிப்தியரும், செங்கல் செய்தோர் பாபிலோனியர் என்று பெருமையோடு அடுக்குகிறான். பேரரசு என்பதற்கு இதைவிட நல்ல வரையறையை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஓரிறைக் கொள்கையை முதலில் கொண்டுவந்தவர் எகிப்து மன்னர் அக்னாதென் என்று சிலரும், யூதர்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: அக்னாதென் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சூரிய வட்டமான ஆதென் ஒன்றையே வழிபட்டு, பழைய தலைமைத் தெய்வமான ஆமுனின் பெயரையே கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி அழிக்கச் செய்தார். அமர்னாவில் புதுத் தலைநகரமும் கட்டினார். ஆனால் அது அரசரோடு வந்து அரசரோடு போயிற்று. அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் அரியணையேறிய சிறுவன் துத்தன்காதென் தன் பெயரையே துத்தன்காமுன் என மாற்றிக்கொண்டான். தொடர்ந்து வாழ்ந்த மரபு என்று பார்த்தால் அது இஸ்ரவேலருடையது.

ஆனால் அந்த மரபும் ஒரே நாளில் முழு வடிவம் பெறவில்லை. நமக்கு ஒரே தெய்வம்தான் என்று சொல்வது ஒன்று. வேறு தெய்வமே இல்லை என்று சொல்வது வேறொன்று. முன்னதைச் சொல்பவர், அண்டை நாட்டாருக்கு அவர்களுடைய தெய்வம் உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். எருசலேம் கி.மு. 586 அளவில் பாபிலோனியர் கையில் வீழ்ந்து, கோயில் இடிந்து, மக்களில் ஒரு பகுதியினர் நாடு கடத்தப்பட்ட பிறகு எழுந்த தீர்க்கதரிசன நூற்பகுதிகளில்தான் பின்னது ஐயத்துக்கு இடமின்றி ஒலிக்கிறது. தோற்ற மக்கள், தங்கள் தெய்வமும் தோற்றுவிட்டது என்று முடிவு செய்யாமல், உலகம் முழுவதற்கும் அந்த ஒருவரே இறைவன் என்று அறிவித்தது வரலாற்றில் மிகத் துணிவான சிந்தனைகளுள் ஒன்று என்றே கருதுகிறேன்.

அப்போதும் எல்லா யூதரும் ஒரே மாதிரி வழிபட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எகிப்தின் தென் எல்லையில் எலிபன்டைன் தீவில் பாரசீகருக்காகக் காவல் நின்ற யூதப் படைவீரர்கள் தங்களுக்கென ஒரு கோயில் வைத்திருந்தார்கள். அங்கே கிடைத்த நன்கொடைப் பட்டியல் ஒன்றில் யாஹோ என்ற தங்கள் இறைவனுக்குச் சேர்ந்த பணத்தோடு, அனத்பெத்தேல், எஷெம்பெத்தேல் என்ற வேறு இரு தெய்வங்களுக்குச் சேர்ந்ததும் எழுதப்பட்டிருக்கிறது. காலம் கி.மு. 400 அளவு.

இதோடு சேர்த்து, அச்சுக் காலம் (அச்சாணி என்ற பொருளில்; அச்சிடுதல் அன்று) என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் 1949இல் முன்வைத்த சொல் அது. கி.மு. 800 முதல் 200 வரையிலான காலத்தில் சீனத்தில் கன்பூசியஸ், இந்தியாவில் புத்தர், யூதர்களிடையே தீர்க்கதரிசிகள், கிரேக்கத்தில் தத்துவவாதிகள் எனப் பல இடங்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் புதுச் சிந்தனை எழுந்தது ஏன் என்று அவர் கேட்டார். கேள்வி அருமையானது. ஆனால் அவர் பட்டியலில் வரும் ஈரானியச் சமயத் தலைவர் ஜரதுஷ்டிராவின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் பல நூற்றாண்டு வேறுபாடு இருக்கிறது. அக்னாதென் அந்தச் சட்டகத்துக்கு முன்பே வந்துவிடுகிறார். இயேசுவும் முகம்மது நபியும் அதற்குப் பின்னால் வருகிறார்கள். ஆகவே அச்சொல்லைக் கேள்வியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சீன வரலாற்றில் விண்ணக ஆணை என்று வருகிறதே, அது அரசன் கடவுளின் அவதாரம் என்ற கருத்துத்தானா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: இல்லை, ஏறத்தாழ அதற்கு எதிரானது. கி.மு. 1046 அளவில் ஷாங் மரபைக் கவிழ்த்த ஜோ மரபினர், தாங்கள் செய்தது துரோகம் அல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. வானம் தகுதியுடையவனுக்கு ஆளும் உரிமையைக் கொடுக்கிறது, அவன் தகுதி இழந்தால் எடுத்துவிடுகிறது, ஷாங் மன்னன் கொடுங்கோலன் ஆனதால் ஆணை எங்களுக்கு மாறியது என்றார்கள். இதில் அரசனுடைய குருதிக்கு எந்தப் புனிதமும் இல்லை.

முன்பிருந்த ஷாங் மன்னர்களின் உலகத்தை ஆரூட எலும்புகளில் காணலாம். மாட்டின் தோள்பட்டை எலும்பையோ ஆமையின் அடியோட்டையோ சூடாக்கி, விழும் விரிசலைப் பார்த்துக் குறி சொல்வார்கள். கேள்வியையும் சில சமயம் விளைவையும் அதிலேயே செதுக்குவார்கள். வூ திங் மன்னனின் அரசி ஃபூ ஹாவ் கருவுற்றிருந்தபோது, பேறு நலமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று மன்னனே விரிசலைப் படித்துச் சொல்கிறான். 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிறந்தது, நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை என்று அந்தப் பதிவு முடிகிறது. அதே ஃபூ ஹாவ் படை நடத்திச் சென்றதையும் எலும்புகள் சொல்கின்றன. அவளுடைய கல்லறை 1976இல் கொள்ளையர் கைபடாமல் கிடைத்தது. முன்னோரையும் மேலுலக ஆற்றல்களையும் ஒவ்வொரு செயலுக்கும் கேட்டு நடந்த அந்த ஆட்சிமுறைக்குப் பின், ஆள்பவனின் நடத்தையே அளவுகோல் என்ற ஜோ மரபினரின் வாதம் எவ்வளவு புதியது என்பது விளங்கும்.

விளைவு நெடுங்காலம் நீடித்தது. வெள்ளமும் பஞ்சமும் நிலநடுக்கமும் வந்தால் ஆணை பறிபோகிறது என்று மக்கள் பேசத் தொடங்குவார்கள். கிளர்ச்சிக்கு அது நியாயம் தந்தது. கி.மு. 202இல் ஹான் மரபின் முதல் பேரரசனான லியூ பாங் எளிய குடியில் பிறந்தவன். 1368இல் மிங் மரபைத் தொடங்கிய ஜூ யுவான்ஜாங் பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, பௌத்த மடத்தில் சேர்ந்து பிச்சையெடுத்துத் திரிந்தவன். மங்கோலியரும் மஞ்சூரியரும்கூட ஆணை தங்களுக்கு வந்ததாகச் சொல்லித்தான் சீனத்தை ஆண்டார்கள்.

கேள்வி: கான்ஸ்டன்டைன் 313இல் கிறித்தவத்தை ரோமின் அரசு மதமாக்கினார் என்று ஒரு வினாத்தாளில் வந்தது. சரியா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

பதில்: தவறு. 313இல் கான்ஸ்டன்டைனும் கிழக்கை ஆண்ட லிசினியசும் மிலானில் கண்ட உடன்பாடு, கிறித்தவர் உள்ளிட்ட எல்லோருக்கும் வழிபாட்டு உரிமை தந்தது. பறிக்கப்பட்ட தேவாலயச் சொத்துகளைத் திருப்பித் தரச் சொன்னது. கிறித்தவ ஆயர்கள் கூடிய நைசீயா பேரவை 325இல் நடந்தது. கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது 337இல், இறக்கும் தறுவாயில். அரசு சார்பில் ஒரே நெறி என்று அறிவித்தது 380ஆம் ஆண்டின் தெசலோனிக்கா ஆணை. அதை வெளியிட்டவர்களில் முதன்மையானவர் பேரரசர் தியோடோசியஸ். 313 உரிமை, 380 அரசு மதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோமப் பேரரசு 476இல் வீழ்ந்தது என்கிறார்கள், 1453இல் வீழ்ந்தது என்றும் சொல்கிறார்கள். ஒரே பேரரசு எப்படி இருமுறை வீழும்? (வங்கி ஊழியர்)

பதில்: 476இல் நடந்ததை அருகிலிருந்து பார்த்தால் அது வீழ்ச்சி என்று அன்றைய மக்களுக்கே தோன்றியிருக்காது. ஓடவேக்கர் என்ற படைத்தலைவன் ரோமுலஸ் அகஸ்துலஸ் என்னும் இளைஞனை அரியணையிலிருந்து இறக்கினான்; கொல்லவில்லை, வருவாய் கொடுத்து ஒதுக்கி வைத்தான். பேரரசுச் சின்னங்களைக் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பேரரசர் சீனோவுக்கு அனுப்பி, மேற்குக்குத் தனிப் பேரரசர் இனி வேண்டியதில்லை என்று தெரிவிக்கச் செய்தான். ரோமின் செனட் அதன் பிறகும் கூடியது, கன்சல்கள் என்னும் உயர் பதவியினர் நியமிக்கப்பட்டார்கள். உண்மையான சிதைவு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது; வட ஆப்பிரிக்காவை வாண்டல்கள் என்னும் ஜெர்மானிய இனத்தார் கைப்பற்றி, 439இல் கார்த்தேஜும் போனபோது, மேற்கு அரசு தன் செழிப்பான வரி வருவாயை இழந்தது. வரி இல்லையேல் படை இல்லை. அந்த 439 பாடநூல்களில் பெரிதாக இடம்பெறாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கிழக்கில் அரசு அறுபடாமல் தொடர்ந்தது. ஜஸ்டினியன் காலத்தில், 529க்கும் 534க்கும் இடையில், ரோமச் சட்டங்கள் தொகுக்கப்பட்டன. இன்று நாம் பைசாண்டியர் என்று சொல்பவர்கள் கடைசி வரை தங்களை ரோமர் என்றே அழைத்துக்கொண்டார்கள். 1453 மே 29இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தபோது, பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் போரில் மடிந்தார். ஆக, 476 மேற்குப் பேரரசரின் பதவி நின்ற ஆண்டு. 1453 ரோம அரசே முடிந்த ஆண்டு.

கேள்வி: கலீபா, சுல்தான் இருவரும் இஸ்லாமிய மன்னர்கள்தானே? (பள்ளி ஆசிரியை)

பதில்: இருவரும் ஒன்றல்லர். 632இல் நபிகள் மறைந்தபின் சமூகத்துக்குத் தலைமை தாங்கியவர் கலீபா; அபூபக்கர், உமர், உஸ்மான், அலி என முதல் நால்வர். 661இல் டமாஸ்கசில் தொடங்கிய உமையா மரபினரிடம் அப்பதவி மரபுரிமையாயிற்று. 750இல் அப்பாசியர் வந்தார்கள். 762இல் பாக்தாத் நிறுவப்பட்டது. கலீபா இறைத்தூதர் அல்லர். புது மார்க்கச் சட்டம் இயற்றுபவரும் அல்லர். சமூகத்தின் தலைவர் என்பதே அவர் நிலை.

ஆனால் தலைமையும் வாளும் ஒரே கையில் நெடுநாள் தங்கவில்லை. 945இல் பூயீக்கள் என்ற ஷியா மரபினர் பாக்தாதுக்குள் புகுந்தனர். அவர்கள் சுன்னி கலீபாவை நீக்கிவிடாமல் பதவியில் வைத்துக்கொண்டு, படையையும் கருவூலத்தையும் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். 1055இல் பூயீக்களை அகற்றிய செல்ஜுக் துருக்கியர் தலைவன் துக்ரில் சுல்தான் என்ற பட்டத்தோடு ஆண்டான். அன்று முதல் வேலைப் பங்கீடு தெளிவானது: சுல்தான் ஆள்கிறான், கலீபா அந்த ஆட்சி முறையானது என்று ஒப்புதல் தருகிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பேருரையிலும் நாணயத்திலும் கலீபாவின் பெயர் வருவதுதான் அந்த ஒப்புதலின் வெளித்தோற்றம். 1229இல் தில்லி சுல்தான் இல்துமிஷ் பாக்தாத் கலீபாவிடமிருந்து அங்கீகாரப் பட்டம் பெற்றார். 1258இல் மங்கோலியத் தலைவன் ஹுலாகு பாக்தாதை அழித்துக் கலீபா முஸ்தாசிமைக் கொன்றான். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தில்லி நாணயங்களில் அந்த இறந்த கலீபாவின் பெயர் பொறிக்கப்பட்டு வந்தது. ஒரு பதவியின் பயன் என்ன என்பதை அந்த நாணயங்களைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: கலீபா எப்போதும் ஒருவர்தான் என்பதும் சரியல்ல. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அப்பாசியர், வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமியர், 929 முதல் ஸ்பெயினின் கொர்தோபாவில் உமையாக்கள் என மூன்று கலீபாக்கள் ஒரே காலத்தில் இருந்தார்கள். உதுமானியரிடம் வந்து சேர்ந்த அப்பதவியைத் துருக்கிக் குடியரசு 1924 மார்ச் 3இல் ஒழித்தது.

கேள்வி: நிலமானிய முறை ஐரோப்பாவில் மட்டுமா? முகலாயர் கால ஜாகிர் முறையையும் அப்படிச் சொல்லலாமா? (முதுகலை மாணவர்)

பதில்: சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். இடைக்கால ஐரோப்பாவில் வலிமையுள்ள பிரபு ஒரு வீரனுக்கு நிலம் கொடுப்பான். வீரன் விசுவாச உறுதிமொழி செய்து போர்ச்சேவை தருவான். காலப்போக்கில் அந்த நிலம் அவன் பிள்ளைகளுக்குச் சேரும். நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவர்கள் உழைத்து இருவரையும் சுமப்பார்கள். முகலாய ஆட்சியில் மன்சப்தார் தர வரிசையில் இருக்கும் ஓர் அதிகாரி. ஜாகிராக அவருக்குக் கிடைத்தது நிலம் அன்று, அந்த நிலத்தின் வரியை வாங்கிக்கொள்ளும் உரிமை. சில ஆண்டுகளுக்கொருமுறை அவரை இடம் மாற்றுவார்கள். இறந்தால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். முன்னதில் அதிகாரம் மையத்திலிருந்து கீழே கசிந்து போகிறது. பின்னதில் மையம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஐரோப்பாவுக்கே அச்சொல் பொருந்துமா என்பதும் வழக்கில் இருக்கிறது. இப்படி ஒரே ஒழுங்கான அமைப்பு இருந்தது என்ற எண்ணமே பிற்காலச் சட்ட அறிஞர்கள் கட்டியது என்று எலிசபெத் பிரவுன் 1974இல் வாதிட்டார். 1994இல் சூசன் ரெனால்ட்ஸ் ஆவணங்களை நாடு நாடாக ஆராய்ந்து அதை மேலும் வலுப்படுத்தினார். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் அச்சொல்லைப் பயன்படுத்தும்போது எந்த நாடு, எந்த நூற்றாண்டு, எந்த உரிமை என்று உடனே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பட்டுப் பாதை என்பது எங்கே தொடங்கி எங்கே முடிந்த சாலை? (வணிகர் ஒருவர்)

பதில்: அது ஒரு சாலை அன்று, கைமாறிக் கைமாறிச் சென்ற பல வழிகளின் வலை. ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்தோஃபென் 1877இல் அச்சொல்லைப் பயன்படுத்திப் பரவச் செய்தார். ஒரே வணிகன் சீனத்திலிருந்து ரோம் வரை நடந்துபோகவில்லை. நடு வழியில் வணிகத்தைப் பெருமளவு கையில் வைத்திருந்தவர்கள் சமர்கந்துப் பகுதியின் சோக்டியர்கள்.

அவர்களுடைய வாழ்க்கை நம் கண்முன் வருவதற்குக் காரணம், சீனத்தின் வடமேற்கில் துன்ஹுவாங் அருகே ஒரு காவல் கோபுரத்தின் இடிபாட்டில் 1907இல் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த கடிதங்கள். 313ஐ ஒட்டி எழுதப்பட்டவை. உரியவர்களைச் சென்று சேரவே இல்லை. மிவ்னாய் என்ற பெண், தன்னையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுச் சென்ற கணவனுக்கு எழுதுகிறாள். கையில் பணமில்லை, உதவுவார் இல்லை, உன் பேச்சைக் கேட்டு இங்கே வந்ததற்கு உனக்கு மனைவியாவதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாகலாம் என்கிறாள். கடனை வைத்துவிட்டு ஒருவன் ஓடியதால் தாங்கள் சீனர்களிடம் ஊழியம் செய்ய நேர்ந்ததாக மகள் கீழே எழுதிச் சேர்க்கிறாள். இன்னொரு கடிதம் லோயாங் நகரம் எரிந்ததையும் பேரரசர் தப்பியோடியதையும் சமர்கந்தில் உள்ள முதலாளிக்குத் தெரிவிக்கிறது. நீங்கள் வணிகர், கடன், பங்காளி, தாமதம், தொலைந்த சரக்கு ஆகியவை நிறைந்த அந்தக் கடிதங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

கடல்வழியையும் மறக்கக் கூடாது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பல், மேற்கு ஆசிய முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அதில் இருந்தவை பல்லாயிரக்கணக்கான சீனக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய சீனத் தேதி இருக்கிறது. எளிதில் உடையும் பொருளை இந்த அளவில் ஒட்டக முதுகில் ஏற்றியிருக்க முடியாது.

கேள்வி: கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை ஆயிரம் ஆண்டுகள்தானே? என் விடையைத் தவறு என்று திருத்திவிட்டார்கள். (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: திருத்தியவர் சொன்னதே சரி, 999 ஆண்டுகள். கிறித்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணும் முறையை 525இல் வகுத்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவியின் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது. அதில் சுழிய ஆண்டு இல்லை. கி.மு. 1க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. ஆகவே இந்த எல்லையைத் தாண்டிக் கணக்கிடும்போது இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்), பொ.ஆ. (பொது ஆண்டு) என்று எழுதினாலும் எண்ணும் கணக்கும் மாறாது. ஹிஜ்ரி ஆண்டு மட்டும் வேறு: 622இல் தொடங்குவது, சந்திரனை ஒட்டி ஏறத்தாழ 354 நாள் கொண்டது, எனவே அதற்கு 622ஐக் கூட்டினால் மட்டும் போதாது, ஏறக்குறைய 33 ஆண்டுகளுக்கு ஒன்றாகக் கழித்துக்கொள்ளவும் வேண்டும்.